விரல் நுனியில் ஒரு விமானி அறை



கணிப்பொறியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரை உங்களில் சிலர் இயக்கிப் பார்த்திருப்பீர்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 1982இல் முதன்முதலாக வெளிவந்தது. இன்று எக்ஸ்-பிளேன், காசில்லாமல் கிடைக்கும் ஃபிளைட்கியர் எனப் பல சிமுலேட்டர்கள் உள்ளன. இவற்றை இயக்கியவர்கள் எல்லோரும் ஒரு தொல்லையை உணர்ந்திருப்பார்கள். ஒரே திரையில் வெளியே தெரியும் வானமும் ஓடுபாதையும் வேண்டும். உள்ளே இருக்கும் கருவிகளும் வேண்டும். கருவிகளைப் பெரிதாக்கினால் ஓடுபாதை மறைகிறது. ஓடுபாதையைப் பெரிதாக்கினால் உயரமானியின் முள் எறும்பளவு ஆகிவிடுகிறது. ஒரு சிறு பொத்தானை அழுத்த வேண்டுமானாலும் சுட்டெலியை நகர்த்தி, குறி பார்த்து, சொடுக்க வேண்டும். அதற்குள் விமானம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்!

இதற்கு எளிய தீர்வு ஒன்று உண்டு. வீட்டில் ஒரு டேப்லெட் இருந்தால், அதையே விமானி அறையின் கருவிப் பலகையாக மாற்றிவிடலாம். வானம் பெரிய திரையில் தெரியும். கருவிகளும் பொத்தான்களும் டேப்லெட்டில் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். இது எப்படி இயலும்? விரல் தொட்டதைக் கண்ணாடி எப்படி அறிகிறது? டேப்லெட்டும் கணிப்பொறியும் ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்கின்றன? விமானி அறை முழுவதையும் இப்படித் தொடுதிரை ஆக்கிவிடலாமா? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நீலப் பெட்டியில் தொடங்கிய கதை

தரையில் இருந்துகொண்டே பறக்கப் பழகுவது கணிப்பொறிக்கு முந்திய எண்ணம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்னும் ஊரில் எட்வின் லிங்க் என்பவர் இருந்தார். அவருடைய தந்தை பியானோக்களும் ஆர்கன் இசைக்கருவிகளும் செய்யும் தொழிற்சாலை நடத்திவந்தார். ஆர்கன் காற்றால் ஒலிக்கும் கருவி; அதற்குத் துருத்திகளும் வால்வுகளும் வேண்டும். இளைஞரான லிங்க், அதே துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டு, ஒருவர் உட்காரக்கூடிய சிறு விமானப் பெட்டி ஒன்றை 1929இல் உருவாக்கினார். உள்ளே இருப்பவர் கைப்பிடியை அசைத்தால் துருத்திகளில் காற்று ஏறி இறங்கும்; பெட்டி மேலும் கீழும் பக்கவாட்டிலும் சாயும்.

முதலில் இதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களில் விளையாட்டுப் பொருளாகவே அது விற்பனையாயிற்று. 1934இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு அமெரிக்க இராணுவ விமானப் படை தபால் மூட்டைகளைக் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றது. பனிமூட்டத்திலும் இரவிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவ்விமானிகளுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள் பலர் உயிரிழந்தனர். அதன் பிறகு படை லிங்கின் பெட்டிகளில் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் நீல வண்ணம் பூசிய அப்பெட்டிகளில் ஏராளமான விமானிகள் பயின்றனர்.

மேகத்திற்குள் சென்ற விமானிக்குக் கருவி ஏன் அவ்வளவு முக்கியம்? நம் உள்காதில் உள்ள உறுப்புகள் உடல் சுழலத் தொடங்குவதையும் நிற்பதையும் உணரும். ஆனால் ஒரே சீராக நெடுநேரம் திரும்பிக்கொண்டிருந்தால் அதை உணராது. கண்ணுக்கு அடிவானமும் தெரியாதபோது, சாய்ந்து திரும்பும் விமானம் நேராகப் பறப்பதாகவே விமானிக்குத் தோன்றும். அங்கே உண்மையைச் சொல்வது கருவி ஒன்றே. இதை நினைவில் வையுங்கள்: கருவி என்பது அழகுக்கு வைத்த படமன்று, அது சொல்வதை நம்பி ஒருவர் முடிவெடுக்கிறார்.

விரலைக் கண்ணாடி எப்படி அறிகிறது?

இனி டேப்லெட்டின் கண்ணாடிக்கு வருவோம். மின்தேக்கியைப் பற்றி இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டு மின்கடத்தித் தகடுகளும், இடையே ஒரு மின்காப்புப் பொருளும் இருந்தால் அது மின்தேக்கி. தகடுகளின் பரப்பு கூடினால் மின்தேக்குதிறன் கூடும். இடைவெளி கூடினால் அது குறையும்.

டேப்லெட்டின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கீற்றுகள் இரண்டு அடுக்குகளாக உள்ளன. ஓர் அடுக்கில் அவை கிடையாகவும், மற்றதில் நெடுக்காகவும் ஓடுகின்றன. பல திரைகளில் இவை இன்டியம் டின் ஆக்சைடு என்னும் பொருளால் ஆனவை. ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும் என்பது அதன் சிறப்பு. கிடைக்கீற்று ஒன்றும் நெடுங்கீற்று ஒன்றும் குறுக்கிடும் ஒவ்வோர் இடமும் ஒரு சின்னஞ்சிறு மின்தேக்கி. அதன் மின்தேக்குதிறன் சில பைக்கோஃபாரட் அளவே இருக்கும். ஒரு பைக்கோஃபாரட் என்பது ஒரு ஃபாரட்டை 1,00,000 கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

கிடைக்கீற்றில் மாறும் மின்னழுத்தம் தரப்படுகிறது. அதிலிருந்து கிளம்பும் மின்புலக் கோடுகள் நெடுங்கீற்றைச் சென்றடைகின்றன. சில கோடுகள் கண்ணாடிக்கு மேலே எழும்பி வளைந்து செல்கின்றன. நம் உடலில் உப்புக் கலந்த நீர் இருப்பதால் விரலும் ஒரு மின்கடத்தியே. விரல் கண்ணாடிக்கு அருகில் வந்தவுடன் மேலே எழும்பிய கோடுகளில் சிலவற்றைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. ஆகவே நெடுங்கீற்றை அடையும் மின்னூட்டம் சற்றே குறைகிறது. எந்தக் குறுக்குச் சந்தியில் குறைந்தது என்று பார்த்தால் விரல் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். டேப்லெட்டினுள் உள்ள ஒரு சிறு சில்லு எல்லாச் சந்திகளையும் ஒரு விநாடியில் 60 தடவைக்கு மேல் சுற்றிச் சுற்றிச் சோதிக்கிறது.

கீற்றுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அப்படியானால் அதைவிட நுட்பமாக இடத்தைக் கணிப்பது எப்படி? விரல் ஒரே நேரத்தில் பல கீற்றுகளைப் பாதிக்கிறது அல்லவா? அங்கேதான் நீங்கள் புள்ளியியலில் படித்த நிறையிட்ட சராசரி உதவுகிறது. திரையின் ஓரத்திலிருந்து 10, 15, 20 மில்லிமீட்டர் தொலைவில் மூன்று கீற்றுகள் இருப்பதாகவும், அவற்றில் மின்னூட்டக் குறைவு முறையே 20, 60, 40 அலகுகள் என்றும் கொள்வோம்.

(10 × 20) + (15 × 60) + (20 × 40) = 1900

குறைவுகளின் கூட்டுத்தொகை 120. எனவே விரலின் மையம் 1900 ÷ 120 = 15.8 மில்லிமீட்டர். கீற்றுகள் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுட்பம் கிடைத்துவிட்டது!

ஒரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கும். மின்தேக்கு முறைத் தொடுதிரை விமானத் துறைக்காகவே பிறந்தது எனலாம். இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரின் இராயல் ரேடார் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த ஈ. ஏ. ஜான்சன், 1965இல் இத்தகைய திரையைப் பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர் விரலால் தொட்டே கணிப்பொறிக்குச் செய்தி தரலாம் என்பது அவர் கருத்து. 1970களில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் பெரிய துகள் முடுக்கியை இயக்கவும் மின்தேக்கு முறைத் தொடுதிரைகள் செய்யப்பட்டன. நம் கைக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

செய்து பாருங்கள்: ஒரு டேப்லெட்டின் திரையை மரப் பென்சிலின் சீவாத முனையால் தொடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் நிகழாது. ஒரு வாழைப்பழத்தைக் கையில் பிடித்து அதன் தோலால் தொடுங்கள். திரை இயங்கும்! எவர்சில்வர் கரண்டியின் வளைந்த முதுகைக் கையில் பிடித்தபடி மெல்லத் தொட்டுப் பாருங்கள். பிறகு கையுக்கும் கரண்டிக்கும் இடையே தடித்த உலர்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு தொடுங்கள். என்ன வேறுபாடு காண்கிறீர்கள்? திரை கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தை அனுப்புவதா, எண்ணை அனுப்புவதா?

டேப்லெட்டில் கருவிகள் தெரிய வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, கணிப்பொறியே கருவிகளின் படத்தை வரைந்து, அப்படத்தை டேப்லெட்டுக்கு அனுப்புவது. இதற்கு எவ்வளவு செய்தி அனுப்ப வேண்டும்? திரையில் 1280 × 800 புள்ளிகள் எனக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் வேண்டும். ஒரு படத்திற்கு 30,72,000 பைட். விநாடிக்கு 30 படங்கள் என்றால் 9,21,60,000 பைட். அதாவது ஏறத்தாழ 73 கோடியே 73 இலட்சம் பிட். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள் உண்டு என்றாலும் சுருக்கவும் விரிக்கவும் நேரம் பிடிக்கும்.

இரண்டாம் வழி, எண்களை மட்டும் அனுப்புவது. உயரம், வேகம், திசை, சாய்வு, எஞ்சினின் சுழற்சி என 20 அளவுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 4 பைட். மொத்தம் 80 பைட். விநாடிக்கு 30 தடவை அனுப்பினாலும் 2,400 பைட். அதாவது 19,200 பிட். முதல் வழியில் இதைப் போல் 38,400 மடங்கு செய்தி தேவைப்பட்டது!

எண் வந்து சேர்ந்ததும் முள்ளை வரைவது டேப்லெட்டின் வேலை. உயரமானியின் நீள முள் 1,000 அடிக்கு ஒரு சுற்றும், குட்டை முள் 10,000 அடிக்கு ஒரு சுற்றும் சுற்றும். '3250' என்ற எண் வந்தால் டேப்லெட் என்ன செய்யும்? நீள முள் மூன்று முழுச் சுற்று முடித்து, மிச்சமுள்ள 250 அடிக்குக் கால் சுற்று, அதாவது 90 பாகை காட்ட வேண்டும். குட்டை முள் 3250 × 360 ÷ 10,000 = 117 பாகையில் நிற்க வேண்டும். உங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள விகிதமுறைக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. எனவே கருவிப் பலகையை நீங்களே நிரல் எழுதி வரையவும் இயலும்.

தபால் அட்டையும் கையெழுத்துத் தபாலும்

வை-ஃபை வழியே செய்தி அனுப்பும்போது, கணிப்பொறி அதைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. இதிலும் இரு முறைகள் உள்ளன. ஒன்று, தபால் அட்டையைப் பெட்டியில் போடுவது போன்றது. போட்டதோடு சரி, சேர்ந்ததா என்று கேட்பதில்லை. இதற்கு யூ.டி.பி. என்று பெயர். மற்றது, பெற்றவரிடம் கையெழுத்து வாங்கி வரும் தபாலைப் போன்றது. சேரவில்லை என்றால் மறுபடி அனுப்பப்படும். இது டி.சி.பி. எனப்படும்.

உயரம், வேகம் போன்ற அளவுகளுக்கு எது சிறந்தது? 'கையெழுத்துத் தபால்' என்றுதான் முதலில் தோன்றும். சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பொட்டலம் வழியில் தொலைந்துபோனால், விநாடியின் 30இல் ஒரு பங்கு நேரத்தில் அடுத்த பொட்டலம் புதிய அளவோடு வந்துவிடும். பழைய உயரத்தைத் தேடிப் பிடித்து மறுபடி அனுப்புவதால் என்ன பயன்? அதற்காகக் காத்திருந்தால் புதிய செய்தியும் தாமதப்படும். நேற்றைய செய்தித்தாளுக்காக இன்றைய செய்தித்தாளை நிறுத்திவைப்பது போலாகும். எனவேதான் எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டர்கள் இவ்வளவுகளை யூ.டி.பி. முறையில் அனுப்புகின்றன.

தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது?

ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் செல்வது. 3 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஒரு விநாடியின் 10 கோடியில் ஒரு பங்கே போதும். அப்படியிருந்தும் டேப்லெட்டில் தொட்டதற்கும் பலன் தெரிவதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டாகிறது. காரணம் பயணமன்று, ஒவ்வொரு நிலையத்திலும் காத்திருப்பதே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். திரையைச் சோதிக்கும் சுற்று வரும் வரை 15 மில்லிவிநாடி, டேப்லெட்டின் நிரல் அதைக் கையாள 10, வை-ஃபையில் 5, சிமுலேட்டர் தன் அடுத்த கணக்கைத் தொடங்கி முடிக்க 33, திரும்பி வர 5, திரையில் வரைய 17. மொத்தம் 85 மில்லிவிநாடி. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் இதற்குள் ஏறத்தாழ 6 மீட்டர் சென்றுவிடும்.

சக்கரத்தை இறக்குவதற்கோ வானொலியின் அதிர்வெண்ணை மாற்றுவதற்கோ இத்தாமதம் ஒரு பொருட்டன்று. ஆனால் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியையே திரையில் வைத்தால்? குளியலறையில் கீசர் குழாயைத் திறந்து பார்த்திருப்பீர்கள். வெந்நீர் வரவில்லையே என்று இன்னும் திருகுவோம், சற்று நேரத்தில் கொதிநீர் வந்து சுடும், உடனே மூடுவோம், பிறகு குளிர்ந்த நீர் கொட்டும். விளைவு தாமதமாக வரும்போது நாம் தேவைக்கு மேல் திருத்திவிடுகிறோம். விமானத்திலும் இவ்வாறே மூக்கு மேலும் கீழும் ஊசலாடத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு கணமும் கையில் வைத்துத் திருத்த வேண்டிய கைப்பிடியைக் கணிப்பொறியுடன் நேராக இணைப்பதே நன்று.

செய்து பாருங்கள்: படம் வரையும் செயலி ஒன்றைத் திறந்து, விரலை ஒரே சீரான வேகத்தில் இழுங்கள். கோடு விரலுக்குப் பின்னால் சற்று விலகி ஓடிவரும். திரையின் அருகில் ஓர் அளவுகோலை வைத்து, நண்பரை வேறொரு தொலைபேசியால் மெதுவியக்கப் படம் எடுக்கச் சொல்லுங்கள். விரல் விநாடிக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் செல்லும்போது கோடு 25 மில்லிமீட்டர் பின்தங்கினால், தாமதம் 25 ÷ 500 = 0.05 விநாடி, அதாவது 50 மில்லிவிநாடி.

விளக்கு பொய் சொன்னால்

டேப்லெட்டிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் கட்டளைகளை எப்படி எழுதுவது? இது மிகவும் கவனிக்க வேண்டிய இடம்.

சக்கரத்திற்கு ஒரு பொத்தான் வைக்கிறீர்கள். அதைத் தொட்டால் 'சக்கர நிலையை மாற்று' என்ற கட்டளை போவதாக வைத்துக்கொள்வோம். கட்டளை போகும் வழியில் தொலைந்துவிட்டால் சக்கரம் மேலேயே இருக்கும். சந்தேகப்பட்டு இரண்டு முறை தொட்டு, இரண்டு கட்டளைகளும் சேர்ந்துவிட்டால், இறங்கத் தொடங்கிய சக்கரம் திரும்ப ஏறிவிடும்! இதற்குப் பதில் 'சக்கரத்தை இறக்கு' என்று ஒரு கட்டளையும் 'ஏற்று' என்று வேறொரு கட்டளையும் வைத்தால் இக்குழப்பம் இல்லை. 'இறக்கு' என்று பத்து முறை சொன்னாலும் சக்கரம் இறங்கியே இருக்கும்.

அடுத்தது பச்சை விளக்கு. பொத்தானைத் தொட்டவுடன் டேப்லெட் தானாகவே பச்சை விளக்கை ஏற்றிவிடலாமா? பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பொய். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைச் சிமுலேட்டர் தெரிவித்த பிறகே விளக்கு எரிய வேண்டும். உண்மையான விமானங்களிலும் நெம்புகோலை அசைத்ததற்காகப் பச்சை விளக்கு எரிவதில்லை. சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்ட பின்னரே எரிகிறது.

இது சிறு செய்தியன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று ஒரு வால்வு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அவ்வால்வுக்குரிய விளக்கு அணைந்திருந்தது. ஊழியர்கள் வால்வு மூடிவிட்டது என்று எண்ணினர். உண்மையில் அவ்விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வுக்கு மின்சாரக் கட்டளை போகிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டியது. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் உட்கருவில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு எனினும், 'கட்டளை இட்டாயிற்று' என்பதையும் 'வேலை முடிந்தது' என்பதையும் ஒன்றாக எண்ணியது ஒரு முக்கியக் காரணம்.

கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தெரிவது

சரி, எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிட்டோம். இனி விமானி அறை முழுவதையும் தொடுதிரையாக்கிவிடலாமா?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையில் ஒரு புதிர் தோன்றியது. பி-17 போன்ற விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்கள் மடங்கி, வயிற்றால் தரையில் தேய்ந்தன. 1943இல் இதை ஆராய்ந்தவர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலாளர். சக்கரத்திற்கான சுவிட்சும், ஃபிளாப் எனப்படும் இறக்கை மடலுக்கான சுவிட்சும் அருகருகே, ஒரே வடிவத்தில் இருந்ததை அவர் கண்டார். களைத்துப்போன விமானி மடலை ஏற்ற நினைத்துச் சக்கரத்தை ஏற்றிவிட்டார்! சபானிஸ் சொன்ன தீர்வு மிக எளியது. சக்கர நெம்புகோலின் முனையில் ஒரு சிறு ரப்பர் சக்கரம். மடல் நெம்புகோலின் முனையில் ஆப்பு வடிவக் கட்டை. கண்ணால் பாராமலேயே கை வேறுபாட்டை உணர்ந்துகொண்டது. பெரிய பயணிகள் விமானங்களில் சக்கரக் கைப்பிடி சக்கர வடிவிலும், மடல் கைப்பிடி இறக்கையின் குறுக்குவெட்டு வடிவிலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் இன்றும் விதி.

கண்ணாடித் திரையில் எல்லாப் பொத்தானும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பார்க்காமல் தொட முடியாது. விரலை ஓய்வாக அதன்மேல் வைத்துக் காத்திருக்கவும் முடியாது.

இதன் விளைவை 2017 ஆகஸ்டு 21 அன்று உலகம் கண்டது. அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கேன் என்னும் போர்க்கப்பல், சிங்கப்பூர் அருகே ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. 10 மாலுமிகள் உயிரிழந்தனர். சுக்கானையும் எஞ்சின்களின் வேகத்தையும் தொடுதிரைகளால் இயக்கும் கப்பல் அது. கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்கு மாற்றும்போது குழப்பம் நேர்ந்தது. இரண்டு உந்திகளும் சேர்ந்து வேகம் குறைவதாக எண்ணியபோது உண்மையில் ஒன்று மட்டுமே குறைந்தது. கப்பல் ஒரு பக்கமாகத் திரும்பிற்று. கைப்பிடிகள் இரண்டு இருந்திருந்தால், ஒன்று பின்னே வந்திருப்பதும் மற்றது முன்னே நிற்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். பயிற்சிக் குறைவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2019இல் அமெரிக்கக் கடற்படை, வேகத்திற்குத் தொடுதிரைக்குப் பதில் கையால் பிடித்து இயக்கும் நெம்புகோல்களைத் திரும்பவும் பொருத்த முடிவு செய்தது.

இதனால் தொடுதிரையே தீது என்று எண்ணிவிடக் கூடாது. 2020இல் இரண்டு விண்வெளி வீரர்களைச் சுமந்து சென்ற குரூ டிராகன் விண்கலத்தின் முதன்மைக் கட்டுப்பாடுகள் தொடுதிரைகளே. ஆயினும் அத்திரைகளுக்குக் கீழே, நெருக்கடிக்கென்று உண்மையான பொத்தான்களும் வைக்கப்பட்டிருந்தன.

எதைத் திரையில் வைப்பது?

இப்போது உங்கள் டேப்லெட்டுக்குத் திரும்புவோம். நிதானமாகப் பார்த்துப் படிக்க வேண்டியவை, எப்போதாவது மாற்ற வேண்டியவை ஆகியன திரைக்கு ஏற்றவை: வரைபடம், வானொலி அதிர்வெண், தானியங்கி விமானியின் அமைப்புகள், சரிபார்ப்புப் பட்டியல், உயரமானி முதலிய கருவிகள். அடிக்கடியும் அவசரத்திலும் பாராமலும் இயக்க வேண்டியவை கைக்கு ஏற்றவை: கைப்பிடி, எஞ்சின் வேக நெம்புகோல், மடல், சக்கரம். கைப்பிடி வாங்க இயலாவிட்டாலும் கவலையில்லை. விசைப்பலகையில் சக்கரத்திற்குரிய விசையின்மேல் ஒரு சிறு பொட்டை ஒட்டிவிடுங்கள். சபானிஸ் செய்ததும் அதுதானே!

பொத்தான்களின் அளவையும் எண்ணிப் பாருங்கள். விரல் நுனியின் அகலம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். தவறாமல் தொட 15 மில்லிமீட்டர் சதுரம் ஒதுக்குவோம். 217 மில்லிமீட்டர் நீளமும் 136 மில்லிமீட்டர் அகலமும் உள்ள டேப்லெட்டில் நீளவாக்கில் 14, அகலவாக்கில் 9, ஆக 126 பொத்தான்களுக்கு மேல் இடமில்லை. கருவிகளுக்கும் இடம் வேண்டுமே! ஆகவே தேர்ந்தெடுத்துத்தான் வைக்க வேண்டும்.

தொடங்குவது எளிது. ஃபிளைட்கியர் தனக்குள்ளேயே ஒரு சிறு வலைச்சேவகத்தைக் கொண்டுள்ளது. கணிப்பொறியும் டேப்லெட்டும் வீட்டில் ஒரே வை-ஃபையில் இருக்க வேண்டும். சிமுலேட்டரின் அமைப்பில் அச்சேவகத்தை இயங்கச் செய்து, டேப்லெட்டின் உலாவியில் கணிப்பொறியின் எண் முகவரியைக் கொடுத்தால் இரண்டும் பேசத் தொடங்கிவிடும். இதற்குப் புதிய டேப்லெட் தேவையில்லை. டேப்லெட்டைப் பெரிய திரைக்குக் கீழே, சற்றுச் சாய்வாக, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டே தொடும்படி வையுங்கள். கையை அந்தரத்தில் நீட்டித் தொட்டால் சில நிமிடங்களில் தோள் வலிக்கும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. உயரமானிக்கு '7600 அடி' என்ற எண் வருகிறது. நீள முள்ளும் குட்டை முள்ளும் எத்தனை பாகையில் நிற்க வேண்டும்?

2. ஈரமான திரையில் விரலின் இடம் சில சமயம் தவறாகத் தெரிவதற்குக் காரணம் என்ன? நீர் மின்புலக் கோடுகளை என்ன செய்கிறது?

3. உங்கள் வீட்டு நீரேற்றும் மோட்டாரின் சுவிட்சில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதா? அது எதைச் சொல்கிறது? மோட்டாருக்கு மின்சாரம் போவதையா, மேல்தொட்டியில் நீர் ஏறுவதையா? கிணற்றில் நீர் வற்றிய நாளில் அவ்விளக்கு எரியுமா? நீர் உண்மையிலேயே ஏறும்போது மட்டும் எரியும் விளக்கை எப்படி அமைப்பீர்கள்? வரைபடம் வரைந்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.